இடது இறக்கையில் ஒருவர்

இது உண்மையில் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுநிசியில்தான் வரும், பாழடைந்த பங்களாவில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். இது பட்டப்பகலில் நடந்தது. கூப்பிடு தூரத்தில் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

நடந்தது சார்ஜென்ட் க்வின் பிராசருக்கு. பிரிட்டிஷ் விமானப்படையில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவர். வேல்ஸ்காரர். கதை கட்டத் தெரியாத மனிதர். அவர் சொல்லும் ஜோக்குக்கு அவர் மனைவியே சிரித்ததில்லை. இந்த விஷயத்தை அவர் வாழ்நாளில் இரண்டு தடவைதான் வாய் திறந்து சொன்னார். ஒருமுறை குடித்திருந்தார். ஒருமுறை குடிக்கவில்லை. இரண்டு முறையும் ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

எழுபதுகளின் கடைசி. மேற்கு ஜெர்மனியில் ஒரு ஊசியிலைக் காடு. அக்டோபர் மாதம், மழை விட்டால் பனிமூட்டம், பனிமூட்டம் விட்டால் மழை. அந்தக் காட்டுக்குள் சில ஹாரியர் போர் விமானங்களை ஒளித்து வைத்திருந்தார்கள். மரங்களுக்கு நடுவே விமானத்துக்கொரு பொந்து மாதிரி இடம், மேலே இலை தைத்த வலை. போர் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு நடத்தும் ஒத்திகை அது. மதிப்பெண் போடுவதற்கென்றே மேலிடத்து அதிகாரிகள் வந்து மரத்துக்கு மரம் நின்றார்கள்.

ஹாரியருக்கு நீளமான ஓடுபாதை வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடி எழும்பிவிடும். திரும்பி வரும்போது அந்தரத்தில் அப்படியே நின்று, நேராகக் கீழே இறங்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு வேடிக்கை இல்லை.

அந்த இறக்கைகளுக்குக் கீழே தொங்குவதெல்லாம் பிராசரின் பொறுப்பு. குண்டு, ராக்கெட், உபரி எரிபொருள் தொட்டி. இடது பக்கம் என்ன கனமோ, வலது பக்கமும் அதே கனம் இருக்க வேண்டும். வேகமாகப் பறக்கும்போது சின்ன வித்தியாசத்தை இறக்கை சமாளித்துக்கொள்ளும். அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை வெறும் தகடுதான். அப்போது அது காவடி தூக்கியவன் நிலைமை. ஒரு பக்கம் கனத்தால் ஆளே சாய்வான். சாய்ந்த விமானம் கண் மூடித் திறப்பதற்குள் கவிழ்ந்துவிடும். விமானிக்கு எகிறிக் குதிக்கக்கூட நேரம் கிடைக்காது.

ஒத்திகை இரண்டாவது வாரத்துக்குள் போயிருந்தது. தூக்கம் என்பது டீ ஆறும் நேரம் கண்ணை மூடுவது என்றாகிவிட்டது. விஷவாயு வந்துவிட்டதாகச் சங்கு ஊதினால் ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டே குண்டு ஏற்ற வேண்டும். கழற்றினால் முகத்தில் பள்ளம் விழுந்திருக்கும். விஷவாயுவைத் தடுக்க உடுப்புக்குள் வைத்துத் தைத்த கரித்தூள் உதிரும். பிராசருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. நின்றுகொண்டே தூங்கினார். ஒரு தடவை குண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியிருந்தார், எழுப்பியவன் ஹால்டேன்.

ஹால்டேன் அவருக்குக் கீழே வேலை பார்த்த கார்ப்ரல். ஸ்காட்லாந்துக்காரன். வாய் ஓயாது.

வியாழக்கிழமை காலை. அந்த ஹால்டேன்தான் முதலில் பார்த்தான்.

"சார்ஜென்ட், நம்ம வண்டி இடது பக்கம் சாய்ஞ்சு நிக்குது."

"அது எப்பவும் எந்தப் பக்கமாவது சாய்ஞ்சுதான்டா நிக்கும். இன்னிக்குத்தான் புதுசா பாக்குறியா?"

பிராசர் சொன்னது சரிதான். ஹாரியரின் பெரிய சக்கரங்கள் சைக்கிளுக்கு இருப்பதுபோல் உடலுக்கு அடியில் ஒரே வரிசையில் இருக்கும். விழாமல் இருக்க இறக்கைக்கு ஒன்றாக இரண்டு குட்டிச் சக்கரங்கள். அதனால் நிற்கும்போது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் சாய்ந்திருக்கும். இறக்கையைக் கையால் தூக்கிவிட்டால் மறுபக்கம் சாய்ந்துகொள்ளும்.

"தூக்கி விட்டுப் பாத்தேன்" என்றான் ஹால்டேன்.

"அப்புறம்?"

"நீங்களே தூக்கிப் பாருங்க."

பிராசர் இடது இறக்கைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினார். வழக்கத்தைவிடக் கனத்தது. மூச்சைப் பிடித்துத் தள்ளினார். விமானம் மெதுவாக எழும்பி வலது பக்கம் சாய்ந்தது.

"பாத்தியா? காலங்காத்தால என் உயிரை வாங்காத."

சொல்லிவிட்டுத் திரும்பினார். நாலு எட்டு நடந்திருப்பார்.

பின்னால்... "ஸ்ஸ்ஸ்ஸ்..."

குட்டிச் சக்கரத்தின் கால் தன் எண்ணெய்க் குழாய்க்குள் அமுங்கும் சத்தம். அவர் திரும்பிப் பார்த்தபோது விமானம் அவசரமே இல்லாமல் இடது பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. வலது பக்கம் நின்ற ஒருவர், அந்த இடம் பிடிக்காமல் நிதானமாக இடது பக்கம் நடந்து வந்தால் எப்படி இருக்கும்... அப்படி.

ஹால்டேன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாதது பிராசருக்குப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் பார்த்தார்கள். தரையில் விரித்த இரும்புப் பலகை மட்டமாக இருந்தது. இரண்டு பக்கமும் எரிபொருள் ஒரே அளவு. தொங்கிய குண்டுகள் ஒத்திகைக் குண்டுகள், உள்ளே வெறும் சிமெண்ட். இரண்டு பக்கமும் ஒரே வார்ப்பு. கணக்குப்படி விமானம் துலாக்கோல் மாதிரி நிற்க வேண்டும்.

வலையைச் சரிசெய்ய மேலே ஏறிய ஹால்டேன் அங்கிருந்து கூப்பிட்டான்.

"சார்ஜென்ட், இங்க ஏறி வந்து பாருங்க."

இறக்கை முழுவதும் பனி முத்து முத்தாகப் படிந்திருந்தது. இடது இறக்கையில், உடலை ஒட்டி, ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கும் நீளம்.

"எவனோ சமையல்காரப் பய இங்க ஏறித் தூங்கியிருக்கான்" என்றார் பிராசர்.

"ராத்திரி பூரா காவல் இருந்துச்சே."

"அப்ப காவல்காரன்தான் தூங்கியிருக்கான்."

ஹால்டேன் சிரித்தான். "குடுத்து வெச்சவன். எனக்கு இப்ப ஒரு இறக்கை கெடைச்சா நானும் படுத்துடுவேன்."

பிராசரும் சிரித்தார். தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. விமானத்தை அனுப்பினார்கள்.

ஓட்டிப் போனவர் கிரெஸ்வெல் என்ற விமானி. கலகலப்பான ஆள். ஊரில் கைக்குழந்தை இருந்தது. அதன் போட்டோவைப் பார்க்காதவர் அந்தக் காட்டில் யாரும் இல்லை.

மதியம் திரும்பி வந்தார். காட்டுக்கு நடுவே ஒரு வெட்டவெளியில், தரையில் விரித்த சதுர இரும்புத் தளம். அதற்கு மேலே விமானம் அந்தரத்தில் நின்றது. காது கிழியும் சத்தம். சருகும் மண்ணும் சுழன்று பறந்தன. பிராசர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

இடது இறக்கை தாழ்ந்தது.

எழும்பியது. மறுபடி தாழ்ந்தது, இன்னும் கொஞ்சம் அதிகமாக. விமானத்தை நிமிர்த்துவதற்காக இறக்கை நுனியிலிருந்து காற்றுப் பீய்ச்சும் சத்தம் விடாமல் அலறியது. விமானம் "டம்" என்று தளத்தில் விழுந்தது. இடது குட்டிச் சக்கரம் முதலில் அடித்தது.

கிரெஸ்வெல் ஏணியில் இறங்கியபோது அவர் கால் ஏணிப்படியைத் தேடியது. முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் சிரிக்கப் பார்த்தார்.

"என்ன சார்ஜென்ட்... இடது பக்கம் யாரையாவது ஏத்தி விட்டீங்களா?"

"ரொம்பக் கனத்துச்சா, சார்?"

"கனமா? கைப்பிடியை வலது பக்கம் ஏறக்குறைய முழுசா தள்ளிட்டேன். இன்னும் ஒரு விரக்கடைதான் பாக்கி இருந்துச்சு. காத்து மட்டும் கொஞ்சம் மாறி அடிச்சிருந்தா..."

"மேல பறக்கும்போது?"

"அப்ப ஒண்ணும் தெரியலை. இறங்க வரும்போதுதான். அது மட்டும் இல்லை, சார்ஜென்ட்... கனம் ஒரே எடத்துல இல்லை. கொஞ்சம் கொஞ்சமா நுனிப் பக்கம் நகர்ந்த மாதிரி இருந்துச்சு."

பிராசர் இறக்கைகளைப் பார்த்தார். குண்டுகளைப் போட்டுவிட்டு வந்த வெறும் இறக்கைகள். எரிபொருள் தொட்டியில் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் வடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு வித்தியாசமில்லை. வெறும் இறக்கை எப்படி ஒரு பக்கம் மட்டும் கனக்கும்?

காட்டுத் தொலைபேசியில் கெர்ஸ்லேக்கைக் கூப்பிட்டார். பொறியியல் அதிகாரி அவர்தான்.

"சார், இந்த விமானத்தை இன்னிக்கு நிறுத்தி வெச்சுடலாம்."

"காரணம்?"

"இடது பக்கம் கனக்குது."

"எது கனக்குது?"

"தெரியலை, சார்."

மறுமுனையில் பெருமூச்சு. கெர்ஸ்லேக்கும் தூங்கி எத்தனை நாளோ. "பிராசர், மார்க் போடுறவங்க என் பக்கத்துலயே நிக்கிறாங்க. ஏற்கெனவே ரெண்டு விமானம் படுத்துடுச்சு. 'தெரியலை'ன்னு ஒரு காரணத்தை நான் எப்படிச் சொல்றது? என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, நிறுத்துறேன். இல்லேன்னா நாலு மணி டீ முடிஞ்சதும் கிரெஸ்வெல் மறுபடி கெளம்பறார்."

போன் வைக்கப்பட்டது.

விமானத்தைப் பொந்துக்குள் இழுத்து வந்து வலையை மூடினார்கள். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பத்து மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விமானம் இடது பக்கம் சாய்ந்தே நின்றது.

"எவ்வளவு கனக்குதுன்னாவது பாத்துடலாம்" என்றார் பிராசர்.

ஹால்டேன் மணல் மூட்டைகளைத் தூக்கி வந்தான். இறக்கையின் நீளத்தில் எடை எங்கே தொங்குகிறது என்பதும் கணக்கில் சேரும். அதனால் இடது பக்கம் அந்தக் காய்ந்த இடம் இருந்த அதே தூரத்தில், வலது பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு மூட்டை. அசையவில்லை. இன்னொன்று. இன்னொன்று. கடைசி மூட்டையைக் கட்டியதும் விமானம் முனகிக்கொண்டு நிமிர்ந்தது. நேராக நின்றது.

ஹால்டேன் மூட்டைகளைப் பார்த்தான். மனதுக்குள் கூட்டினான்.

"சார்ஜென்ட்..."

"சொல்லாத."

"ஒரு ஆள் கனம், சார்ஜென்ட். பூட்ஸோட சேத்து."

"சொல்லாதன்னு சொன்னேன்ல."

பிறகு ஹால்டேன் மெல்லிய குரலில், "நீங்க வேல்ஸ்காரர் ஆச்சே, உங்க ஊர் பூரா ஆடு, தூக்கம் வரணும்னு அதை எண்ணிக்கிட்டே தூங்கிட்டீங்க. நான் உங்க கனவுல வந்து பேசிட்டிருக்கேன்னு நெனைக்கிறேன்" என்றான்.

"கனவா இருந்தா உன் மூஞ்சி எதுக்குடா வரப்போகுது?"

டீ வாங்கப் போனார்கள். கையில் குவளையோடு திரும்பி வந்தார்கள். போய்வந்தது கொஞ்ச நேரம்தான்.

விமானம் மறுபடி இடது பக்கம் சாய்ந்திருந்தது.

மணல் மூட்டைகள் வலது பக்கம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு கயிறும் அவிழவில்லை.

பிராசர் குவளையைக் கீழே வைத்தார். ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். பனிமூட்டத்தில் இறக்கை முழுவதும் நனைந்து மின்னியது.

காய்ந்த இடம் இருந்தது.

ஆனால் காலையில் பார்த்த இடத்தில் இல்லை. ஒரு கை நீளம் தள்ளி, நுனிப் பக்கம் நகர்ந்திருந்தது.

பிராசர் சொன்னார்: அந்த நிமிஷம் அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லையாம். அலுப்புதானாம். 'இதையும் நான்தான் பார்க்க வேண்டுமா?' என்ற அலுப்பு. பயம் அதற்குப் பின்னால் மெதுவாக, முதுகுத்தண்டு வழியாக ஏறி வந்தது.

தூரத்தில் பூட்ஸ் சத்தம். கிரெஸ்வெல் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"ஹால்டேன், போய் அவரைப் பேச்சுக் குடுத்து நிறுத்து."

"என்னன்னு சொல்லி?"

"கொழந்தை போட்டோவைக் கேளு. போடா!"

ஹால்டேன் ஓடினான்.

பிராசர் தனியாக இருந்தார். மரங்களிலிருந்து நீர் சொட்டியது. டப்... டப்... வேறு சத்தம் இல்லை.

அவர் கையுறையைக் கழற்றினார். கையை நீட்டினார். காய்ந்த இடத்தில் வைத்தார்.

சூடாக இருந்தது.

அந்தக் குளிரில், அந்தத் தகட்டில்... ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் இருக்குமே, அந்தச் சூடு.

கையை எடுத்துக்கொண்டார். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் ஓடினால் கிரெஸ்வெல் ஏறிவிடுவார். இந்தப் பனியில் அந்தச் சின்னத் தளத்தைத் தேடி இறங்குவார். அந்தரத்தில் நிற்பார். அப்போது...

பிராசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாருப்பா அது?"

டப்... டப்...

"யாரா இருந்தாலும் சரி. எறங்குப்பா. இது இப்ப மேல போகுது. நீ இங்க இருந்தா அந்த ஆளு திரும்ப மாட்டார். அவருக்குக் கைக்கொழந்தை இருக்கு."

ஒன்றும் அசையவில்லை.

"களைச்சுப் போயிருப்ப. தெரியுது. நானும்தான்பா. நின்னா விழுந்துடுவேன் போல இருக்கு. ஆனா இது படுக்கிற எடம் இல்லை. எழுந்திரு. எறங்கு... நல்ல பையன்ல?"

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எறங்குப்பா."

இறக்கைத் தகடு "டொக்" என்றது.

மேலே வலை ஆடியது. காற்று இல்லை.

காய்ந்த இடத்தின் ஓரத்தில்... ஈரத்தில்... ஓர் உள்ளங்கை அச்சு விழுந்தது. எழுந்து உட்காருபவன் கையூன்றுவான் அல்லவா?

பிராசர் ஏணியில் உறைந்துவிட்டார்.

இன்னோர் அச்சு. அவர் பக்கமாக.

இன்னொன்று. இன்னும் கிட்டே...

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வலது தோளில் ஒரு கை விழுந்தது.

அடிக்கவில்லை. அமுக்கவில்லை. உயரத்திலிருந்து இறங்குகிறவன் கீழே நிற்பவன் தோளைப் பிடித்துக்கொள்வான் அல்லவா? அந்தப் பிடி. முழுக் கனமும் தோளில் இறங்கியது. அவர் முழங்கால் மடங்கியது. ஏணி கிறீச்சிட்டது.

காதோரம் ஒரு பெருமூச்சு.

பிறகு... கனமே இல்லை.

கீழே சேற்றில் ஒரே ஒரு "சளக்."

அடுத்த நொடி விமானம் துள்ளியது! இடது இறக்கை விருட்டென்று எழும்பியது. வலது பக்கம் மணல் மூட்டைகளின் கனத்தில் "டமார்" என்று சாய்ந்தது. பிராசர் ஏணியோடு தடுமாறிச் சேற்றில் விழுந்தார்.

சத்தம் கேட்டு ஹால்டேன் ஓடி வந்தான். பின்னாலேயே கிரெஸ்வெல்.

"என்ன ஆச்சு?"

"மூட்டையை அவுருடா" என்றார் பிராசர், சேற்றில் உட்கார்ந்தபடியே. "எல்லாத்தையும் அவுரு."

அவிழ்த்தார்கள். ஹால்டேன் இறக்கையை இடது பக்கம் தள்ளினான். விமானம் இடது பக்கம் சாய்ந்து நின்றது. வலது பக்கம் தள்ளினான். வலது பக்கம் சாய்ந்து நின்றது. எங்கே விட்டார்களோ அங்கே நின்றது. சாதாரண விமானம்.

"என்ன பண்ணீங்க?" என்றான் ஹால்டேன்.

"ஒண்ணும் பண்ணலை."

"என்னதான் கோளாறு?" என்றார் கிரெஸ்வெல்.

பிராசர் அவர் முகத்தைப் பார்த்தார். "இப்ப சரியாயிடுச்சு, சார். ஆனா திரும்பி வரும்போது கொஞ்சம் கனத்தாலும் இங்க எறங்காதீங்க. பெரிய விமானத்தளத்துக்குப் போய் ஓடுபாதையில எறக்கிடுங்க. எவன் மார்க்கைக் குறைச்சாலும் பரவாயில்லை."

கிரெஸ்வெல் போனார். பிராசர் அந்த இரும்புத் தளத்தின் ஓரத்தில் போய் நின்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயம். பனி கெட்டியாகிக்கொண்டே போனது. கடைசியில் சத்தம் வந்தது. மரங்களுக்கு மேல் விமானம் தெரிந்தது. அந்தரத்தில் நின்றது.

ஆடவில்லை. அசையவில்லை. குளத்தில் இலை இறங்குகிற மாதிரி இறங்கியது.

பிராசர் நடந்து போய் கூடாரத்தில் பூட்ஸோடு விழுந்தார். மறுநாள் வரை யாராலும் எழுப்ப முடியவில்லை. கெர்ஸ்லேக்கே வந்து பார்த்துவிட்டு, "தூங்கட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஒத்திகை முடிந்தது. முகாமுக்குத் திரும்பினார்கள். அந்த விமானம் மறுபடி ஒருநாளும் சாயவில்லை. பிராசரும் ஹால்டேனும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. தூக்கமில்லாத மூளை என்னென்னவோ காட்டும் என்று பிராசர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஏறக்குறைய நம்பியும் விட்டார்.

இரண்டு வாரம் கழித்து சார்ஜென்ட்டுகளின் மதுக்கூடத்தில் ஓட்லி என்பவரைப் பார்த்தார். வேறொரு படைப்பிரிவில் இதே வேலை பார்ப்பவர். துக்கத்துக்குக் கட்டும் கறுப்பு டை கட்டியிருந்தார்.

"யாருக்கு?" என்றார் பிராசர்.

"எங்க ஆளு. லென் டான்ஸ்லி. கார்ப்ரல். நாளைக்கு அடக்கம்." ஓட்லி பியரை ஒரு மடக்குக் குடித்தார். "ஆமா, எங்க பழைய விமானம் ஒண்ணு இப்ப உங்ககிட்டதானே இருக்கு? போன வருஷம் விழுந்த பிறகு அதை எங்ககிட்டேருந்து எடுத்துட்டாங்க. ரொம்ப நாள் கொட்டகையிலயே கெடந்துச்சாம். இந்த ஒத்திகைக்குத்தான் மறுபடி காட்டுக்குக் கொண்டு போனாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"எது விழுந்துச்சு? விமானமா?"

"விமானம் இல்லைப்பா. லென். போன வருஷ ஒத்திகையில மூணு நாள் கண்ணு மூடலை. இறக்கை மேல ஏறிப் படுத்துட்டான். நாங்களும் பாத்தோம். பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டோம். தூக்கத்துல உருண்டுட்டான் போல. நுனியிலிருந்து கீழ... தலை இரும்புப் பலகையில."

பிராசர் குவளையை மேஜையில் வைத்தார்.

"எந்த இறக்கை?"

"இடது. ஏன்?"

பிராசர் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு முன்னால் செத்தவன். சரி... அது கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. பயமாக இருந்தாலும் புரிந்தது. பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"போன வருஷம் விழுந்தவனுக்கு நாளைக்கு எப்படி அடக்கம்?"

"அவன் சாகலையே" என்றார் ஓட்லி. "இவ்வளவு நாளும் ராணுவ ஆஸ்பத்திரியில நினைவில்லாம கெடந்தான். மூச்சு மட்டும் ஓடிட்டிருந்துச்சு. உயிர் போனது நீங்க காட்டுல இருந்தப்பதான். ரெண்டாவது வாரம், வியாழக்கிழமை. ஊர்லேருந்து சொந்தக்காரங்க வரணும்னு இவ்வளவு நாள் வெச்சிருந்தாங்க."

மறுநாள் பிராசர் அடக்கத்துக்குப் போனார். தெரியாத மனிதருக்கு ஏன் போகிறீர்கள் என்று மனைவி கேட்டார். சும்மாதான் என்றார்.

டான்ஸ்லியின் மனைவி பெயர் மேவிஸ். சின்ன உருவம். அழுது ஓய்ந்த முகம். எல்லோருக்கும் சாண்ட்விச் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். பிராசரிடமும் நீட்டினாள்.

"நீங்க லென்னோட வேலை பாத்தீங்களா?"

"இல்லைம்மா... ஒரு தடவை பாத்திருக்கேன்." பிராசர் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டார். "கடைசியில... கஷ்டப்பட்டாரா?"

"இல்லை." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நாள் தவறாம பக்கத்துல உக்காந்து கூப்பிட்டேங்க. எழுந்திரு லென், எழுந்திருன்னு. கண்ணு இமை கூட ஆடலை. அன்னிக்குப் பாத்து நான் ஊருக்குப் போயிருந்தேன். நாலு மணி டீ கொண்டு வந்த நர்ஸ்தான் பாத்திருக்கா. தானா எழுந்து உக்காந்தாராம். கட்டிலிலேருந்து காலைக் கீழ தொங்கப் போட்டு, பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டாராம். அங்க யாரும் இல்லைங்க."

பிராசரின் வலது தோள் தானாகக் குறுகியது.

"ஏதாவது... சொன்னாரா?"

"சொன்னாராம். 'எறங்கிட்டேன்'னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து, 'இப்ப நான் எங்க போகணும்?'னு கேட்டிருக்கார். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பயந்து போயி, 'படுத்துக்கோங்க'ன்னு சொல்லியிருக்கா."

மேவிஸ் தட்டை மறுபடி கையில் எடுத்தாள். "படுத்துட்டாராம்."